தொட்டி அலாரம் ஏன் முனகுகிறது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தொட்டியில் தண்ணீர் இறங்கி ஒரு மணி நேரமாகியும் நீ கட்டிய அலாரம் முனகிக்கொண்டே இருக்கிறது, அக்கா திட்டுகிறாள் என்று போனில் சொன்னாயே. டிரான்சிஸ்டர் போலி என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். பாவம், அதன்மேல் பழி போடாதே.

கணக்கைப் பார். பேட்டரி 9 வோல்ட். தொட்டியில் விட்ட இரண்டு கம்பிக்கும் நடுவே தண்ணீரின் தடை 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள். டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போவது சுமார் 80 மைக்ரோ ஆம்பியர். பஸ்ஸருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் உன் பிசி547 டிரான்சிஸ்டரின் கெயின் 200 என்றால், கலெக்டர் வழியே 16 மில்லி ஆம்பியர் ஓடும். பஸ்ஸர் கத்திவிடும்.

இதைப் 'பெருக்கம்' என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. டிரான்சிஸ்டர் தானாக எதையும் உண்டாக்குவதில்லை. பஸ்ஸருக்குப் போவது முழுக்க பேட்டரியின் சரக்கு. எமிட்டரிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் கலெக்டருக்குப் போக நடுவில் பேஸைத் தாண்ட வேண்டும். அது தலைமுடியைவிட மெல்லிசு. இருநூறில் ஒன்றுதான் அங்கே மாட்டிக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். பேஸில் நீ கொடுக்கும் அந்தச் சிறு மின்னோட்டம் நின்றால் மொத்த ஓட்டமும் நின்றுவிடும்.

இப்போது உன் முனகலுக்கு வருகிறேன். தண்ணீர் இறங்கினாலும் கம்பிகளைக் கட்டிய பிளாஸ்டிக் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரம் 1 மெகா ஓம் என்றாலும் 8 மைக்ரோ ஆம்பியர் கசியும். கலெக்டரில் அது 1.6 மில்லி, முனகலுக்கு அது போதும். பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 100கே ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவை. பேஸில் 0.6 வோல்ட் ஏறினால்தான் டிரான்சிஸ்டர் திறக்கும். அதற்குள் இந்த ரெசிஸ்டர் 6 மைக்ரோ ஆம்பியரைக் கீழே இறக்கிவிடும். ஈரத்தில் மிஞ்சுவது இரண்டே. அதற்கு பஸ்ஸர் வாய் திறக்காது. தண்ணீர் ஏறினால் எழுபதுக்கு மேல் மிஞ்சும்.

பேஸுக்கு முன்னால் இருக்கும் 1கே ரெசிஸ்டரை மட்டும் எடுத்துவிடாதே. உன் வயதில் நான் 12 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை நேராக பேஸில் தொட்டுப் பார்த்தேன். சத்தமில்லை, புகையில்லை, செத்துப்போனது. "ரேடியோவா போச்சு?" என்று உன் தாத்தா பதறினார். அவருக்கு டிரான்சிஸ்டர் என்றால் ரேடியோதான். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் இயக்கிக் காட்டிய ஜெர்மேனியத் துண்டின் பெயர், நம் ஊரில் பெட்டிக்கே பெயராகிவிட்டது.

இன்னொன்று. தொட்டியில் விட்டது செம்புக் கம்பிதானே? ஒரு முனை பச்சை பூத்து அரித்திருக்கும். அது ப்ளஸ் பக்கமா, மைனஸ் பக்கமா என்று பார்த்து எழுது. கம்பிக்குப் பதிலாக இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி எடுத்து வைத்திருக்கிறேன், அத்தான் இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா