நிற்காது என்றார்கள்!

கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்குகிறவர்களில் பலர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அந்த உயரமான வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியதால் 'கிர்க்' என்றும் சொல்வார்கள். ஆனால் கட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை!

அவர் பெயர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலண்ட். 1775-ல் கெர்ன்சி என்ற குட்டித் தீவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இன்ஜினியர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, காவிரிக்குக் குறுக்கே செங்கல் வளைவுகளை வைத்துப் பாலம் கட்டலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அவ்வளவு அகல வளைவு நிற்காது என்று சந்தேகப்பட்டார்கள். என்ன செய்தார் தெரியுமா? 1808-ல் தன் தோட்டத்திலேயே நூறு அடிக்கு மேல் அகலமான ஒரு வளைவைக் கட்டிக் காட்டிவிட்டார். வளைவு நின்றது. பாலம்தான் வரவில்லை.

அடுத்த வருடமே இன்னொரு அடி. 1809-ல் ஆளுநர் பார்லோவை எதிர்த்து வெள்ளைக்கார அதிகாரிகள் செய்த கலகத்தில் இவரும் சேர, வேலை போனது. 1812-ல்தான் திரும்பக் கிடைத்தது.

அதன் பிறகுதான் அவருடைய பெரிய வேலைகள் எல்லாம். 1815-ல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவர் கை இருக்கிறது. 1818-ல் கிர்க் வேலை தொடங்கியது. கூவத்தை ஒட்டிய இளகிய மண். சாதாரண அஸ்திவாரம் தாங்காது. கடலூர்ப் பக்கம் ஆற்று மணலில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு அவர் கண்ட வழி சட்டென்று புரியும். செங்கல் கிணறுகளை வரிசையாக மண்ணுக்குள் இறக்கி, அதன்மேல் கட்டடத்தை நிறுத்தினார். நம் ஊரின் பழைய முறைதான். மேலே வட்டக் கூரைக்குக்கூட சுடுமண் கூம்புகளைப் பயன்படுத்தினார். 1821-ல் தேவாலயம் திறக்கப்பட்டது.

ஊர் திரும்பி, 1866-ல் தொண்ணூறு வயதில் காலமானார். நிற்காது என்று சொல்லப்பட்ட அந்த வளைவு 1936-ல்தான் விழுந்தது. 128 வருடம்! கிணறுகளின் மேல் நிற்கும் கிர்க்கோ இருநூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த முறை எழும்பூரில் இறங்கினால் கோபுரத்தைப் பார்ப்பதோடு, அதைத் தாங்கும் அந்தக் கிணறுகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.