கோலகங்சார் மரத்தடியில்

சென்ற பள்ளி விடுமுறையில் அப்பாவையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு கோலகங்சாருக்குப் போய் வந்தேன். அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வாழ்நாளெல்லாம் ரப்பரோடு கழித்தும், அருகிலேயே இருக்கும் அந்த மூத்த மரத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெரட்டுக்கும் மரத்துக்கும் ஓடியவருக்கு ஊர் சுற்றிப் பார்க்க நேரம் ஏது?

பேராக் ஆற்றங்கரையில் அமைந்த அழகான அரச நகரம் கோலகங்சார். உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் கோபுரத்தைக் கண்டு களித்துவிட்டு, மாவட்ட அலுவலகத்தின் அருகே சென்றோம். வேலிக்குள், பலகையோடு நிற்கிறது அந்த மரம்.

அதன் கதையை மகளுக்குச் சொன்னேன். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறக்குறைய 2,700. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் இங்கே நடப்பட்டன. அந்த ஒன்பதில் எஞ்சியது இது.

அப்பா நெடுநேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தன்னையறியாமல் கத்தி பிடிப்பதுபோல் மடங்கியது. பிறகு கேட்டார்: "ஏம்பா, நம்ம மரத்துக்கு வேர்நோவு வரும், பட்டை அழுகும். அதோட சொந்த ஊர்ல என்ன நோவு வரும்?"

நல்ல கேள்வி. பிரேசிலில் ரப்பரின் பெரும்பகை ஓர் இலைக் கருகல் நோய். ஒரு பூஞ்சணம் இளந்தளிரைத் தாக்கி உதிர்த்துவிடும். மறுபடி துளிர்த்தால் மறுபடி உதிர்க்கும். கடைசியில் மரமே பட்டுப்போகும். காட்டில் மரங்கள் எட்ட எட்ட நிற்பதால் நோய் எளிதில் பரவாது. கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1928இல் அதே தபஜோஸ் கரையில் ஃபோர்டுலாண்டியா என்ற பெருந்தோட்டத்தைத் தொடங்கி, மரங்களை நெருக்கமாக நட்டார். நோய் புகுந்தது. 1934இல் பெல்தெரா என்ற இடத்தில் மீண்டும் முயன்றார்கள். நம் கீழ்த்திசைத் தோட்டங்களில் பால் அதிகம் கொடுத்த ஒட்டுமரங்களைத் தருவித்துக் கட்டினார்கள். அவையும் அந்த நோய்க்கு ஈடுகொடுக்கவில்லை. 1945இல் நிலத்தைப் பிரேசில் அரசிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

காரணம் புரிகிறதல்லவா? இங்கே பாலின் அளவைப் பார்த்தே மரங்களைப் பொறுக்கினோம். அந்த நோய் இங்கு வராததால், எந்த மரம் அதைத் தாங்கும் என்று சோதிக்க வழியே இருக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டாத அந்தப் பூஞ்சணத்திற்கு அஞ்சித்தான், அங்கிருந்து செடியோ மண்ணோ கொண்டுவர இன்றும் கடும் கட்டுப்பாடு இருக்கிறது.

"நோவே தெரியாம வளர்ந்த பிள்ளை" என்றார் அப்பா.

அது பல தலைமுறைக் கணக்கு. தாய்ச்செடி ஒன்று பட்ட பாடு அதன் நேர்ப்பிள்ளைக்கே உதவுமா? இதைக் கேட்க எனக்கு ஒரு காரணம் உண்டு. லயத்து வீட்டுப் பின்னால் அப்பா கத்தரி போட்டிருந்த காலத்தில், புழு கடித்தும் சளைக்காமல் காய்த்த செடியைப் பார்த்துத்தான் விதைக்குக் காய் விடுவார். பளபளவென்று நின்ற செடியைத் தொடமாட்டார். "அடிபட்ட செடியோட விதைக்கு அறிவு இருக்கும்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

இப்போது சிரிக்க முடியவில்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புழு தின்ற காட்டு முள்ளங்கியின் விதையிலிருந்து முளைத்த செடிகளை உண்ட புழுக்கள் குறைவாகவே எடை கூடின. 2012இல் கத்தரியின் உறவான தக்காளியிலும் இதையே கண்டார்கள். தாய்ச்செடி கடிபட்டிருந்தால், பிள்ளைச் செடியில் வளர்ந்த புழுக்கள் பாதியளவு வரைகூடச் சிறுத்திருந்தன. கடுகு இனச் சிறுசெடி ஒன்றில், தாய் பெற்ற நோயெதிர்ப்பு, இடையில் ஒரு தலைமுறை நோயின்றிக் கழிந்த பின்பும் பேரச்செடியில் இருந்தது.

இது எப்படி நடக்கிறது? செக்ரோல் புத்தகத்தில் பெயர்கள் மாறாமல் இருக்க, கிராணி ஓரத்தில் சிவப்புக் குறி போட்டு வைப்பாரல்லவா? அதுபோல, செடியின் மரபு எழுத்து மாறாமலே அதன்மேல் சில குறிகள் விழுகின்றன. அவற்றுள் சில விதையோடு போகின்றன. பகை வந்ததும் பிள்ளைச் செடி விரைந்து எழுந்துகொள்கிறது.

ஆனால் இதற்கு விலையும் உண்டு. அதே கடுகு இனச் செடியின் பிள்ளைகள் ஒருவகை நோயைத் தாங்கின. வேறொரு பூஞ்சணத்திற்கு முன்னைவிட எளிதில் இரையாயின. தாய்ச்செடி அளவுக்கு மீறி வாடினால் விதையே சூம்பிப்போகும். வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இலை சுருண்டு, தேமல் படர்ந்த தக்காளி, மிளகாய்ச் செடியில் விதை எடுக்காதீர்கள். சில நோய்கள் விதையோடு சேர்ந்தே வரும். புழுவைத் தாங்கி நின்று நன்றாகக் காய்த்த செடியே விதைக்கு ஏற்றது.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அப்போ தாத்தா கஷ்டப்பட்டதாலதான் நாம நல்லா இருக்கோமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாம் பட்டால்தான் பிள்ளைகள் உரமாவார்கள் என்று தோட்டத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் மனிதர் செடியல்லர். செடிக்கு இடம்விட்டுப் போக முடியாது. பிள்ளைக்கு வாய் திறந்து சொல்லவும் முடியாது. விதையில்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

அப்பாவே பதில் சொன்னார்: "கஷ்டத்தால இல்லம்மா. உங்கப்பன் கையில கத்தி கொடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அதனாலதான்."

எங்கள் தோட்டத்தில் இன்று பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. அப்பா வளர்த்த கத்தரியின் வழிவந்த செடி மட்டும் எங்கள் வீட்டுத் தொட்டியில் காய்க்கிறது. வீடு திரும்பிய மறுநாள் காலை, புழு துளைத்த இலையோடு நின்ற ஒரு செடியின் காயில் மகள் நூல் கட்டியிருந்தாள். விதைக்காம்.