நோன்பு திறந்த பிறகு கூட்டம்

எல்ஆர்டி ரயில் தாமான் ஜெயாவைத் தாண்டும்போதெல்லாம், அந்த ரயில் வராத எண்பதுகளின் பெட்டாலிங் ஜெயாவை மனம் தேடும். வெயிலில் பஸ்ஸுக்குக் காய்ந்ததை யார் தேடுவார்கள்? அந்தப் பஸ் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில் எனக்காகக் காத்திருந்த பெண்கள் இயக்கத் தோழிகளைத்தான் தேடுகிறேன்.

கணவனிடம் அடிபட்டு வீட்டை விட்டு வந்த பெண்களுக்காக, 1982இல் டபிள்யூஏஓ என்ற பெண்கள் உதவி அமைப்பு நாட்டின் முதல் காப்பகத்தைத் திறந்தது. 1985 மார்ச்சில் பெண் வழக்கறிஞர்கள், தொழிற்சங்கப் பெண்கள், பயனீட்டாளர் சங்கத்தார் எனப் பலரும் சேர்ந்து, பெண்கள்மீதான வன்முறை பற்றிப் பயிலரங்கும் கண்காட்சியும் நடத்தினார்கள். அந்தச் சூட்டில்தான் அவாம் என்ற பெண்கள் அமைப்பும் பிறந்தது. குடும்ப வன்முறைக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது. என்னைப் போன்ற இளம் பெண்களுக்குக் கிடைத்த வேலை, துண்டறிக்கை அடிப்பதும் கையெழுத்து வாங்குவதும்.

மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் தட்டச்சு இயந்திரம் இருந்தது. தமிழையும் சீனத்தையும் ஸ்டென்சில் தாளில் கையால்தான் கீற வேண்டும். அழுத்தினால் தாள் கிழியும், அழுத்தாவிட்டால் எழுத்து விழாது. பக்கத்தில் உட்கார்ந்து சீனத்தைக் கீறிய தோழி, “உங்கள் எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாக இருக்கிறதே, கிழியாதா?” என்று கேட்டுச் சிரிப்பாள். விரல் நுனியில் ஏறிய மை சோப்புக்கும் போகாது.

நோன்பு மாதத்தில் கூட்டத்தை இரவுக்குத் தள்ளிவைப்போம். ‘காக்’ என்று நாங்கள் கூப்பிட்ட மலாய் அக்கா, நோன்பு திறந்துவிட்டுப் பேரீச்சம்பழத்தோடு வருவார். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி என்பது அவருக்கு மனப்பாடம். முட்டைகூடப் போடாத மீ கோரெங் எனக்கென்று தனிப் பொட்டலமாக வரும். விடிய விடியச் சண்டையும் போடுவோம். யார் பேச்சை யார் வெட்டினார்கள் என்பதில் தொடங்கி, எந்த இனத்துக்கு எவ்வளவு சலுகை என்பதுவரை போகும். கோபித்துக்கொண்டு எழுந்தவர்களும் மறுவாரம் வந்துவிடுவார்கள்.

1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை வந்தது. இனப் பதற்றத்தைக் காரணம் காட்டி நூறு பேருக்கு மேல் ஐஎஸ்ஏ எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். பெண்கள் இயக்கத்தின் சிசிலியா இங், ஐரின் சேவியர் ஆகியோரும் உள்ளே போனார்கள். இனி அந்தப் பக்கம் போகாதே என்றார் அம்மா. அன்றிரவே காக் போன் செய்து, “சாப்பிட்டாயா?” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டேன்.

அந்த நட்பின் உண்மையான சோதனை சட்டத்தை எழுதும்போது வந்தது. 1982இல் அமலுக்கு வந்த திருமணச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டுமானது. குடும்ப வன்முறைச் சட்டமும் அப்படியே இருக்கட்டும், முஸ்லிம்களின் குடும்ப விவகாரத்தை ஷரியா சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் எழுந்தது. நமக்குக் கிடைத்தால் போதும் என்று மற்றவர்கள் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. அடிப்பது குற்றம், குற்றத்துக்கு மதம் கிடையாது என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் என்ற முஸ்லிம் பெண்கள் அமைப்பினர், மனைவியை அடிக்க மார்க்கம் இடம் தரவில்லை என்று 1991இல் சிறு நூலே போட்டார்கள். 1994இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 1996இல் அமலுக்கு வந்தபோது, அது எல்லா மலேசியப் பெண்களுக்குமானதாக இருந்தது.

இன்று எங்கள் கொண்டோவில் மூன்று இனத்தாரும் இருக்கிறோம். லிஃப்டில் புன்னகைக்கிறோம், பிறகு அவரவர் வாட்சப் குழுவுக்குள் போய்விடுகிறோம். உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை, உரிமையோடு சண்டை போட ஆள் இல்லை.

கிள்ளானில் ஒரு தமிழ்ப் பெண்ணும் காஜாங்கில் ஒரு மலாய்ப் பெண்ணும் இன்றும் அதே சட்டத்தைக் காட்டித்தான் பாதுகாப்பு உத்தரவு கேட்கிறார்கள். இளம் பெண்களே, அடுத்த கோரிக்கைக்கு ஆள் சேர்க்கும்போது, உங்கள் மாடியில் இதுவரை நீங்கள் பெயர் கேட்காத வீட்டின் கதவை முதலில் தட்டுங்கள்.