வாட்டம் மாறிய கூரை

என் தந்தையார் காலத்தில் கட்டப்பெற்ற கார் ஷெட்டின் கூரை, மழைநீரைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் வடித்துக்கொண்டிருந்தது. அவ்வீட்டு மாமி ஒருநாளும் குறை கூறியதில்லை. சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதை நாங்களே கண்டோம். அண்டை வீட்டாரின் ஹக் பற்றி ஜும்ஆவில் கேட்பது எளிது. வாட்டத்தைத் திருப்புவது அத்துணை எளிதன்று.

100-க்கு 1 என்ற கணக்கில், 6 மீட்டர் நீளத்திற்கு இறக்கம் 6 சென்டிமீட்டர். பழைய தளத்தின் மேலேயே போட்டுத் திருப்பினால் மாமியின் பக்கம் 12 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். 3 மீட்டர் அகலத்திற்கு ஏறத்தாழ 2 டன் கூடுதல் சுமை! “தாங்கும் பாய்” என்றார் கொத்தனார். அச்சொல்லை நம்பி அதன்கீழ் பிள்ளைகளை விளையாட விட எனக்கு மனமில்லை.

நல்லவேளையாகக் கான்கிரீட் மட்டமாகவே இருந்தது. வாட்டம் முழுதும் அதன்மேல் இட்ட செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தில்தான். அதைப் பெயர்த்தெடுத்து, அதே கனத்தில் எதிர்ப்புறம் சரியுமாறு புதிதாக இட்டோம். சுமை கூடவில்லை. கைப்பிடிச்சுவர் ஓரங்களை வளைத்துப் பூசி, எங்கள் முற்றத்துப் பக்கம் அகலமான குழாய் இறக்கினோம். வேப்பஞ்சருகு அடைத்தால் கூரை குளமாகிவிடும்.

குடத்து நீரை ஊற்றிப் பார்க்கையில் மாமி ஜன்னலருகே வந்தார்.

“இப்ப எங்கே ஓடுது வாப்பா?”

“எங்க கிணத்தடிக்கு, மாமி.”