டெப்ட்டா? டெட்டா?

முதல் வருஷம் அக்கவுண்டன்சி வகுப்பு. பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார் சார். 'பேட் டெப்ட்ஸ்' என்று வாசித்தேன். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. "டெட்ஸ்னு சொல்லணும்ப்பா, பி சைலண்ட்" என்றார். சொல்லக் கூடாத எழுத்தை எதுக்குங்க எழுதணும்?

அப்புறம் தேடிப் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' இல்லவே இல்லையாம். லத்தீன் 'டெபிடும்'தான் மூலம் என்று காட்ட, படித்தவர்கள் பிற்பாடு நுழைத்த எழுத்து அது. வாய் மட்டும் பழையபடியே சொல்லிக்கொண்டிருக்கிறது. நம்ம லெட்ஜரில் வரும் 'டெபிட்'டுக்கும் அதே மூலம்தான். அங்கே மட்டும் 'பி' சத்தமாக நிற்கிறது! இந்த 'பி'யை உச்சரித்தே ஆகணும் என்று அடம்பிடிக்கும் வாத்தியாரை ஷேக்ஸ்பியரே ஒரு நாடகத்தில் கிண்டலடித்திருக்கிறார். ஆக, நான் தனி ஆள் இல்லை :)

பொருள்தான் இன்னும் பிடித்தது. கடமையைச் சொல்லும் 'டியூட்டி'க்கும் அதே வேர். தமிழிலும் 'கடன்' என்றால் வாங்கிய பணமும்தான், கடமையும்தான்.

என் ஃபீஸுக்காக அப்பா கடன் வாங்கியிருக்கிறார். மாசா மாசம் கட்டுகிறார். அந்த 'பி' மாதிரியே, வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வேலைக்குப் போனதும் மிச்சத்தை நான்தான் கட்டணும். இரண்டு அர்த்தத்திலும் அது என் கடன்.