புளிக்கக் காத்திராத தோசை

பள்ளி வேன் ஏழரைக்கே வந்துவிடும் வீடுகளில் காலைச் சாப்பாடு பாலும் பிஸ்கட்டுமாக முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் அம்மாக்கள் வெறும் காபியோடு பஸ் ஏறுகிறார்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பச்சைப்பயறு தோசை செய்து பாருங்கள். ஆந்திராவில் பெசரட்டு என்பார்கள். ராத்திரி படுக்கும்முன் ஒரு டம்ளர் முழுப் பயறும் ஒரு கைப்பிடி பச்சரிசியும் ஊறப்போட்டால் போதும். காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் அரைத்து உடனே வார்க்கலாம். தோலோடு அரையுங்கள், நார்ச்சத்து அதில்தான் அதிகம். 100 கிராம் பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது; அரிசியில் அதில் பாதிகூட இல்லை. அதனால் பதினொரு மணிக்கே வயிற்றைக் கிள்ளாது. மாவு கெட்டியாக இருக்கட்டும். வார்த்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தூவி அழுத்திவிட்டால் சட்னிகூடத் தேவைப்படாது, இட்லிப் பொடி போதும். மிச்ச மாவு மறுநாள் வரை ஃப்ரிட்ஜில் தாங்கும்.

அடுப்புப் பற்றவைக்கவே நேரமில்லையென்றால் பழைய சோறு இருக்கவே இருக்கிறது. ராத்திரி சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் மோர், உப்பு, நாலு சின்ன வெங்காயம். ஓட்ஸ் டப்பாவுக்குக் கொடுக்கும் காசை எனக்கென்னவோ பயறுக்கும் வேர்க்கடலைக்கும் கொடுக்கலாம் என்றே தோன்றுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு, கூடவே ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.