திரும்பிப் போன நாள்

தொண்டு செய்யப் புறப்படுகிறவனுக்குப் பெருமிதம் எளிதில் வந்துவிடும். எனக்கும் வந்தது. அது எப்படிப் போயிற்று என்பதைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். பாட்டன் காலத்தில் பிழைப்புத் தேடி மலையேறிய குடும்பம் எங்களுடையது. எனக்குப் பத்து வயதானபோது, ஒரு விடுமுறையில் கல்லூரி மாணவர் சிலர் எங்கள் லயத்துக்கு வந்தனர். பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடித்தனர். பாட்டுச் சொல்லிக் கொடுத்தனர். "அடுத்த லீவுக்கு வர்றோம்" என்றார் ஓர் அண்ணன். பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் வரவே இல்லை.

காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது நாட்டு நலப்பணித் திட்டம். அதன் ஏழு நாள் முகாம் ஒன்றுக்குச் சென்ற டிசம்பரில் நானே அண்ணனாகப் போனேன். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு சிற்றூர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளத்தைப் போலவே கேரளத்தோடு நின்ற தமிழ் வழங்கும் பகுதி அது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட பக்கம். ஆழ்குழாய்க் கிணறுதான் பலருக்கும் கதி.

"தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று வீடு வீடாகச் சொன்னோம். ஒரு பாட்டி தம் பேத்தியை அழைத்து வாயைத் திறக்கச் சொன்னார். பற்களில் பழுப்புக் கோடுகள்.

"ஏங் கண்ணு, காய்ச்சிக் குடிச்சா இந்தக் கறை போயிருமா?"

வேதியியல் முதுகலை மாணவனாகிய எனக்கு வாயடைத்துப் போயிற்று. அது பாறையிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடின் வேலை. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும். அது மிக அதிகமாக உள்ள நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லோடு நில்லாது, எலும்பையும் பற்றும். படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது, பாட்டி கேட்ட பிறகு!

மறுநாள் சோதனைப் பெட்டியோடு கிணறு கிணறாகப் போனேன். மருந்துத் துளி விட்டதும் இளஞ்சிவப்பாக நிற்க வேண்டிய நீர், பல இடங்களில் மஞ்சளாயிற்று. பாட்டி வீட்டுக் குழாயும் அதில் ஒன்று. ஊர்க்கோடித் திறந்த கிணறு மட்டும் தப்பியது. முகாம் முடிந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கோப்பில் உறங்கிற்று. பாட்டிக்கு யார் சொல்வது?

பொங்கலுக்கு ஊருக்குப் போக வைத்திருந்த பணத்தில், நண்பர் இருவரோடு மீண்டும் அங்கே போனேன். ஒவ்வொரு கிணற்றின் அளவையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துச் சென்றோம்.

"போனவங்க திரும்பி வந்துட்டீங்களா!" என்றார் பாட்டி. நடுவில் ஒரு வியப்பு. அந்த வியப்பே எனக்குச் சாட்டையடி.

பேத்தியின் கறை இனிப் போகாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். திறந்த கிணறு அரைக் கல் தொலைவு. தொட்டிலில் கிடந்த பேரனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

தோழர்களே! வரும் விடுமுறையில் நீங்களும் முகாமுக்குப் போவீர்கள். போகும் நாளைக் குறிக்கும்போதே, திரும்பிப் போகும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.